ஆறுமணிக் குருவிக்கு ஒரு கோரிக்கை

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் காட்டைப் பற்றிப் போன வாரம் இதே இடத்தில் எழுதியபோது, 'விடியற்காலையில் அங்கே மனித நடமாட்டமே கிடையாது' என்று பெருமையடித்திருந்தேன் அல்லவா? அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஃபாக்டரி வரப்போகிறது என்று சில வருஷங்களுக்கு முன் மரங்களை வெட்டிச் சாய்த்த இடம் அது. ஃபாக்டரி வரவில்லை. புதர் வந்தது. கூடவே பறவைகளும் வந்தன. ஆறுமணிக் குருவி தெரியுமோ? காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் விசில் அடிக்கும். மற்ற நேரத்தில் இருக்குமிடமே தெரியாது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு... எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு போய், ஒரு புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். கிழக்கு வெளுத்ததும் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

"யோவ்! இன்னா பாத்துக்கினு கீற?"

திரும்பினால், ஐந்தாறு பெண்கள். ஆளுக்கொரு தகர டப்பாவில் தண்ணீர். டப்பாவைப் பார்த்த பிறகுதான் அந்தப் புதர்கள் காலை வேளையில் யாருக்குப் பயன்படுகின்றன என்பது உறைத்தது. என் கையிலோ பைனாகுலர்! வியர்த்துக் கொட்டிவிட்டது.

"குருவி... குருவி பார்க்க வந்தேம்மா..."

"குருவியாம் குருவி! எங்க கீது, காட்டு!" என்றாள் முன்னால் நின்ற நடுத்தர வயதுக்காரி. மங்கம்மா என்று பெயர்.

எங்கே காட்டுவது? அந்தப் பாழாய்ப்போன குருவி மூச்சு விடவில்லை.

"ஊட்டு ஆம்பளைங்கள இட்டாரட்டா அக்கா?" என்றாள் இன்னொருத்தி. இதுவரை என் பெயர் இந்தப் பத்திக்கு மேலேதான் அச்சாகியிருக்கிறது. இனி போலீஸ் செய்தியில் வருமோ? வீட்டில் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது?

மங்கம்மா பைனாகுலரைப் பிடுங்கினாள். குருவியைத் தேடவில்லை. எதிர்ப் புதர் பக்கம் திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அடியே, அந்தாண்ட நிக்கிற ராணியோட மூக்குத்தி தெரியுதுடி இதுல!"

தொலைந்தேன்.

அப்போதுதான் பக்கத்து முட்புதருக்குள்ளிருந்து அந்த விசில்! சருகைக் கிளறிக்கொண்டு வெளியே குதித்து வந்தது குருவி. அழாக்குறையாகக் கையை நீட்டினேன்.

"ஐய, இத்த பாக்கவா இருட்டுல வந்த?" என்றாள் மங்கம்மா. குரலில் பாதிச் சூடு இறங்கியிருந்தது. பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மரத்த வெட்னப்போ ஒதுங்க எடமே இல்ல, நைனா. ரோட்ல போற லாரி லைட்டு மேல அடிச்சா எய்ந்து நிக்கணும். இப்பதான் பொதரு வளந்து, பயமில்லாம வந்துக்கினு கீறோம். நீ ஏழு மணிக்கு மேல வா."

சுருக்கென்றது. அந்தக் காடு தழைத்ததில் பறவைகளுக்கு மட்டும்தான் நிம்மதி என்று நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா?

"ஆனா... அது ஆறு மணிக்குத்தாம்மா கத்தும்..."

"அத்தையும் ஏழு மணிக்கு வரச் சொல்லு!"

இரண்டு தரப்பில், குருவியிடம் பேசிப் பார்ப்பதுதான் எனக்குப் பாதுகாப்பு!