லோடு ஏறினால் அடங்கும் வண்டி

புது வண்டி எது வந்தாலும் இருளாண்டி முதலில் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். பின்கதவைத் திறந்து, வாடகை கொடுத்து வந்த ஆள் மாதிரி ஏறி உட்காருவார். முழங்கால் முன் சீட்டில் இடிக்கிறதா, தலை கூரையில் தட்டுகிறதா, ஒருக்களித்துப் படுத்தால் காலை எங்கே போடுவது என்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

"என்னப்பா, மாப்பிள்ள பாக்க வந்தவுக கணக்கா பாக்குற" என்று முதலாளி வெள்ளத்துரை கிண்டல் செய்வார். அருப்புக்கோட்டையில் பருத்தி வியாபாரம் செய்துகொண்டு, கூடவே வாடகைக்கு வண்டியும் விட்டவர் அவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவரிடம் இரண்டு ஜீப்புகள் இருந்தன. குட்டை ஜீப்பில் பின்னால் உட்கார்ந்தால் எதிராளியின் முழங்காலோடு நம் முழங்கால் ஊர் போய்ச் சேரும்வரை சண்டை போடும். நெட்டை ஜீப்பில் சண்டை இல்லை. எதிரும் புதிருமாக இரண்டு நீளப் பெஞ்சு, நடுவில் தாராளமான இடம். ஆனால் பெஞ்சு என்பது ரெக்ஸின் போர்த்திய பலகைதான். திருச்சுழியில் இறங்குகிறவர்கள் இடுப்பைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் தாலுகா ஆபீசுக்கு நடப்பார்கள்.

இருளாண்டிக்கு எம்.ரெட்டியபட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கரிசல்காட்டு ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தே காலத்தைக் கழித்தவர்கள். அந்தக் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவர்தான். மனைவி முத்துப்பேச்சிக்கு இரண்டு முறை கரு நிற்காமல் போய்விட்டது. மூன்றாவது நின்றது. ஏழு மாதம் கடந்தபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "ஏதாவது ஒண்ணுன்னா உடனே கூட்டிட்டு வாங்க. ஆனா உடம்பு குலுங்கக் கூடாது."

இதைக் கேட்ட வெள்ளத்துரை, "ரெண்டுல ஒரு வண்டிய ஊருக்கே கொண்டுபோயி நிறுத்திக்க. எது வேணும்?" என்றார். படுக்க இடமிருக்கும் என்று இருளாண்டி நெட்டை ஜீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மனுசன் செய்த உதவியை இருளாண்டி கடைசிவரை வாய் ஓயாமல் சொல்லுவார்.

ஒருநாள் மத்தியானம் முத்துப்பேச்சிக்கு லேசாக ரத்தம் பட்டது. இருளாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே தரையில் பாயும் போர்வையும் விரித்து அவளைப் படுக்கவைத்தார். பக்கத்து வீட்டு மதினி சோலையம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அதற்குள் ஊரே வண்டியைச் சுற்றி நின்றது. அந்த ஊரில் ஒருத்தரை ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்பினால் கேவலம். வீட்டுக்கு ஓர் ஆள் கூடப் போகவேண்டும். ஒருத்தி தூக்குவாளியில் கஞ்சி, ஒருத்தி பழைய சேலை, இன்னொருத்தி வெந்நீர் என்று ஏறத் தொடங்கினார்கள். படிக்கட்டில் கால் வைத்தார் வீரணன். அண்ணன் முறை. ஊரிலேயே கனத்த உடம்பு.

இருளாண்டி வெடித்தார். "எல்லாரும் எறங்குங்க! அவளுக்கு மூச்சு விட எடம் வேணாமா? ஏண்ணே, நீரு ஒரு ஆளு ஏறுனாலே வண்டி உக்காந்துருமே, கொஞ்சமாச்சும் யோசன இருக்கா?"

வீரணன் காலைக் கீழே வைத்தார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

வண்டி கிளம்பியது. ஊர் எல்லையைத் தாண்டியதும் மண்பாதை தன் வேலையைக் காட்டியது. காய்ந்து இறுகிய வண்டித்தடத்தில் ஜீப்பின் பின்பாகம் துள்ளித் துள்ளி விழுந்தது. மெதுவாக உருட்டினால்கூட உதறியது. முத்துப்பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். "என்னங்க, இதுவும் போயிருமா?" என்று கேட்டாள். இருளாண்டி பிரேக்கை மிதித்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பருத்தி மூட்டை நிறைய ஏற்றிப் போகும்போது இதே வண்டி இதே பாதையில் மெத்தென்று போகும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஆளைத் தூக்கி எறியும். அடியில் இருக்கிற வில்லுப்பட்டைக்கு மேலே கனம் இருந்தால்தான் அது அடங்கும். தினமும் செய்கிற வேலை, பயத்தில் மறந்துபோயிருந்தது. இடம் வேண்டும், இடம் வேண்டும் என்று வண்டியைக் காலியாக்கி, பிள்ளைத்தாச்சியைச் சுளகில் போட்டுப் புடைத்ததுபோல் ஆக்கிவிட்டார்.

மெல்லப் பின்னுக்கே எடுத்து ஊர் எல்லைக்கு வந்தார். ஆட்கள் கலையாமல் நின்றார்கள். இறங்கிய இருளாண்டிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"வண்டி துள்ளுதுண்ணே. கனம் வேணும். நீங்கல்லாம் ஏறுனாத்தான் அவ பொழைப்பா" என்றார்.

வீரணன் முறைத்தார். "இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானலே" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக ஏறி, பின்சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தார். பெண்கள் ஒரு பெஞ்சில் வரிசையாக நெருங்கி உட்கார்ந்து, முத்துப்பேச்சியைத் தூக்கி மடிகளின் மேலே கிடத்திக்கொண்டார்கள். தலை சோலையம்மாள் மடியில், கால் கஞ்சி கொண்டுவந்தவள் மடியில். மற்ற ஆண்கள் எதிர்ப் பெஞ்சை அடைத்தார்கள். வண்டி அழுந்தி நின்றது. பிறகு அது துள்ளவில்லை, தொட்டில்போல் ஆடிக்கொண்டு போனது. ரெட்டியபட்டி போய் தார்ரோடு ஏறும்போது முத்துப்பேச்சி கண்ணயர்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் படுத்தே மாதத்தைக் கடத்தினாள். சுகந்தி பிறந்தாள்.

அதற்கப்புறம் வெள்ளத்துரை ட்ரெக்கர் என்றொரு வண்டி வாங்கினார். எல்லாரும் முன்பார்த்து உட்காரலாம், ஆனால் கதவில்லாததால் ஊர்ப் புழுதியெல்லாம் மடியில் வந்து சேரும். தொண்ணூற்றைந்தில் டாடா சுமோ வந்தது. நடு சீட்டில் முதுகைச் சாய்க்கலாம், காலை நீட்டலாம், நல்ல நுரை மெத்தை. இருளாண்டி வழக்கம்போல் பின்னால் ஏறி உட்கார்ந்து பார்த்தார். "இதுதான் மொதலாளி சீட்டு" என்று ஒப்புக்கொண்டார்.

அதை ஊருக்குக் கொண்டுபோன முதல் நடையே வீரணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான். சர்க்கரை நோய் அவரைக் கரைத்துவிட்டிருந்தது. பாதத்தில் ஆறாத புண். அவரை நடு சீட்டில் ஏற்றியதும் ஊர்க்காரர்கள் தள்ளியே நின்றார்கள். புது வண்டி, நோயாளி, அவர் நீட்டிப் படுக்கட்டும் என்று எண்ணினார்கள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? ஏறுங்க எல்லாரும்" என்றார் இருளாண்டி.

பின்னால் இருந்த பெஞ்சுகள் நிறைந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த சுகந்தி நடு சீட்டின் ஓரத்தில் ஏறி, வீரணனின் கட்டுப்போட்ட காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீரணன் காலை இழுக்கப் பார்த்தார்.

"விடு தாயி, பாவாட அழுக்காயிரும்."

"இருக்கட்டும் பெரியப்பா. தரையில வச்சா குலுங்கும்."

வீரணனுக்குக் கண் நிறைந்தது. "இப்ப நான் ஏறி வண்டிக்கு என்னலே கனம்?" என்றார் இருளாண்டியிடம்.

இருளாண்டி திரும்பாமல் கண்ணாடியில் பார்த்தார். "நீரு அன்னைக்கி ஏறுன கனத்துலதாண்ணே இன்னிக்கி வரைக்கும் என் வீடு ஓடுது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.