கம்பளம் உரித்த படகு

தின்னரில் நனைத்த பழைய வேட்டியைப் படகின் தரையில் விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடிவிட்டு, மாமா பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். அரை மணி நேரம் கழித்துத் தாளை விலக்கினால், கருப்பட்டி நிறத்தில் இறுகிக் கிடந்த பசை கொஞ்சம் இளகியிருக்கும். முனை சீவிய மரச்சட்டத்தால் அதை உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டுவார். சுரண்டியதைத் தட்டிவிடாமல் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். பார்வை மங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். முதல் நாள் பகல் முழுக்க வேலை செய்தும் பாதித் தரைகூட முடியவில்லை. நான் இரும்புத் தகட்டை எடுத்தபோது, "அவசரப்படாத மாப்ள, மெதுவா வரட்டும்" என்றார். எனக்கு இரண்டு நாள்தான் விடுப்பு. திங்கட்கிழமை காலை ஓசூரில் தொழிற்சாலைக்குள் நுழைந்தாக வேண்டும்.

மாமா என் அக்காவின் கணவர். நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் அணையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பரிசலில் போக, அவர் மட்டும் அலுமினியப் படகு வைத்திருந்தார். பரிசல் சுற்றினால் அக்காவுக்குத் தலை சுற்றும் என்பதற்காகவே, சுற்றுலாப் படகுத்துறை ஒன்றை மூடியபோது அங்கிருந்து வாங்கி வந்தது அது. அக்காவுக்குப் புற்றுநோய் வந்து கீமோ தொடங்கியதும் பாதங்களில் தோல் உரிந்தது. வெயிலேறிய அலுமினியத்தில் அவளால் கால் வைக்க முடியவில்லை. ஆனால் தண்ணீர்மேல் இருக்கும்போது குமட்டல் தெரிவதில்லை என்பாள். மாதா கோயிலில் டைல்ஸ் போடுவதற்காகக் கழற்றிய சிவப்புக் கம்பளத்தைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி, இருவரும் சேர்ந்து பசை தடவிப் படகில் ஒட்டினார்கள். "இப்ப மெத்தையாட்டம் இருக்குதுடா, நீ வந்து பாரேன்" என்று அக்கா போனில் சொன்னாள். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன். அடுத்தடுத்த ஞாயிறுகளுக்கும் அதையே சொன்னேன். ஷிப்ட் இருந்தது உண்மைதான். அவளை அந்தக் கோலத்தில் பார்க்கத் தைரியம் இல்லாததும் உண்மை. அவளைப் புதைக்கத்தான் போனேன்.

இரண்டு வருடத்தில் கம்பளம் மக்கி நாறத் தொடங்கியதும் மாமா அதை உரித்தெடுத்தார்; பசை மட்டும் தங்கிவிட்டது. அடித்தரையின் இணைப்புகளில் தண்ணீர் கசிந்தது. பசை ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது, இருந்தால் பற்றவைப்பு நிற்காது என்று வெல்டிங்காரர் சொல்லிவிட்டார். அதற்கு மாமா உதவி கேட்கவில்லை. நானாகத்தான் போனேன். அக்காவுக்குச் செய்யாததை அவருடைய படகுக்காவது செய்யலாம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பூசைக்குப் போனார். எங்கள் தொழிற்சாலையில் இரும்புப் பாத்திரங்களில் பிடித்த பிசினைக் காஸ்டிக் சோடா போட்டுத்தான் எடுப்போம். முந்தின மாலை நான் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தேன். அதைச் சுடுநீரில் கரைத்துப் படகு முழுக்க ஊற்றினேன். அவர் வருவதற்குள் முடித்துவிட்டு அசத்த வேண்டும் என்ற நினைப்பு. அலுமினியத்தைச் சோடா தின்னும் என்பது எனக்குத் தெரியவில்லை. தரை சீறியது. நுரை பொங்கி, மூச்சடைக்கும் புகை கிளம்பி, உலோகம் கறுத்தது. பயந்துபோய்க் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். பசையெல்லாம் கழன்று பழுப்புக் கூழாக மிதந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் தரை சொரசொரவென்று அரித்துப்போய், இரண்டு இடத்தில் ஊசித்துளையாக வெளிச்சம் தெரிந்தது.

பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த மாமா படகை எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ சட்டென்று மண்டியிட்டு அந்தக் கூழுக்குள் கையை விட்டுத் துழாவினார். "கை வெந்துரும் மாமா!" என்று அவரைப் பிடித்து இழுத்தேன்.

"முடி இருந்துதே மாப்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போனவர், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து வந்து பிரித்தார். உள்ளே நீளநீளமாக, பசை ஒட்டி விறைத்த தலைமுடிகள். "அன்னிக்கி ஒங்கக்கா குனிஞ்சி பசை தடவுறப்ப கொட்டிக்கிட்டே இருந்துச்சு. சிரிச்சிக்கிட்டே தடவுனா. இது பாதிப் படகுல கெடச்சது." மறுபாதிப் படகின் பக்கம் அவர் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். சோடா முடியையும் கரைத்துவிட்டிருந்தது; அந்தக் கூழில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. "போவுது உடு" என்று சொல்லி, எனக்குச் சாப்பாடு போட்டு பஸ் ஏற்றிவிட்டார்.

வெல்டிங்காரர் படகைத் தொட மறுத்துவிட்டார். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து அதை நான்கு துண்டாக வெட்டி எடுத்துப் போனாராம். மாமா பரிசலுக்குத் திரும்பவில்லை. பெங்களூரில் ஓர் அடுக்ககத்தில் காவலாளி வேலைக்குப் போய்விட்டார்.

போன மாதம் அங்கே போய் அவரைப் பார்த்தேன். நீலச் சீருடை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. வாயிற்கதவின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டார். படகைப் பற்றிப் பேச்சை எடுத்து, மன்னித்துவிடுங்கள் என்றேன். இத்தனை நாளும் சொல்லாமலிருந்த வார்த்தை.

"படகுக்கு என்னா மாப்ள, தகரம்தானே" என்றார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "ஞாயித்துக்கெழம ஆனா காலையிலயே தலைக்குத் துணி கட்டிக்குவா. மொட்டத் தலையப் பாத்தா தம்பி பயந்துக்குவானாம். பொழுது எறங்குனதும் அவளே அவுத்து மடிச்சி வெச்சிருவா. கடைசி ஞாயித்துக்கெழம கட்டிக்க அவளால முடியல. நான்தான் கட்டிவுட்டேன்."

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. மாமா கதவைத் திறக்கப் போனார்.