படையலில் வைத்த கோட்டு

நம்பாதவர் நம்பாமலே இருந்துகொள்ளலாம். குமாரபாளையத்துச் சாரதாமணிக்குச் சென்ற ஆடி அமாவாசையன்று, பட்டப்பகலில், இது நேர்ந்தது.

அவளும் கணவர் சென்னிமலையும் தையற்கூடம் நடத்துபவர்கள். அமெரிக்காவின் பழைய உள்நாட்டுப் போரை வேடமிட்டு நடிக்கும் குழுவொன்று, அடிமைமுறையைக் காக்கப் போரிட்டுத் தோற்ற தென்மாநிலக் காலாட்படை ஒன்றின் சாம்பல்நிறக் கோட்டுகளைத் தைத்துத் தரக் கேட்டிருந்தது. முதற்கோட்டு அன்று காலையில்தான் முடிந்தது.

அமாவாசைப் படையலில் தென்புலத்தாருக்குப் புதுத்துணி வைத்து, அவர்கள் வந்து உடுத்திச் செல்லக் கதவைச் சாத்திவைப்பது அவ்வீட்டு வழக்கம். பின்னர் அத்துணியை வீட்டார் அணிவர். தந்தைக்கு எடுத்த வேட்டியின்மேல் சென்னிமலை அந்தக் கோட்டையும் வைத்தார்.

“ஏனுங்க, இதையுமா?”

“மொத உருப்படி புள்ள. எங்கப்பன் போட்டுப் பாக்கட்டும்.”

“வேட்டிக்கு மேல கோட்டா? அத்தை அங்கயும் சிரிக்கும்.”

கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஓசை... தட், தட், தட்.

“பக்கத்தூட்டுத் தறி” என்றார் சென்னிமலை.

அமாவாசையன்று அத்தெருவில் தறி ஓடாது. அது காலடி. பலர்... வெறுங்காலோடு, ஒரே சீராக.

கதவைத் திறந்ததும் அவர் சிரித்தபடி கோட்டை மாட்டிக்கொண்டார். அப்போதுதான் சாரதாமணி இலையைப் பார்த்தாள். பாயசம் பனிக்கட்டியாய் இறுகியிருந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. அவர் மூச்சோ வெண்புகையாய் வந்தது.

“காலு... காலு இருக்கறதே தெரியல புள்ள.”

பொத்தான்கள் கழலவில்லை. கத்தரியால் கோட்டை வெட்டி எறிந்தாள். நடுக்கம் நிற்கவில்லை. பதிகம் பாட வாயெடுத்தாள். ‘நமச்சிவாய’ என்பதற்குமேல் நா எழவில்லை.

இடக்கால் விரல்கள் அவள் கண்ணெதிரே கறுத்தன.

மருத்துவர் கேட்டார்: “பனிமலைக்குப் போயிருந்தாருங்களா?” விரல்களை எடுத்துவிட்டார்கள். வலக்காலாவது தப்பியதே என்று அழுதாள்.

கோட்டு வேலையைப் பிடித்துத் தந்த தரகர் நவநீதகிருஷ்ணனிடம் அந்தப் படையைப் பற்றி விசாரித்தாள்.

“கடைசிக் குளிர்காலத்துல செருப்பில்லாம பனியிலயே பின்வாங்குனாங்களாமுங்க.”

அடுத்த அமாவாசையில் ஒரு சோடி பூட்சைப் படையலில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

திறந்தாள். பூட்சு இல்லை.

அன்று சென்னிமலை நடுங்காமல் உறங்கினார்.

ஒரு மாதம்.

அதற்கடுத்த அமாவாசை... வலக்காலின் சுண்டுவிரல் கறுத்தது.

கைபேசியில் தரகரை அழைத்தாள்.

“அந்தப் படையில... எத்தன பேருங்க?”

“போகயில ஆயிரம் பேருங்க. ஊடு திரும்புனவங்கதான் அம்பதுகூட இல்ல.”