சுற்றினால் பேசும் ரேடியோ

புயல் நெருங்குவதால் ரயில்கள் ஓடவில்லை. மந்தைவெளி நிலையத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒதுங்கி நிற்கிறோம். யாருடைய போனிலும் சிக்னல் இல்லை. மலையில் கூடாரம் போடும்போது உதவும் என்று வாங்கிய ரேடியோவைப் பையிலிருந்து எடுக்கிறேன். பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றுகிறேன்.

"இன்னா நைனா அது, சுத்திக்கினே கீற?" என்று கேட்கிறார் அருகில் நிற்கும் பெண். பட்டினப்பாக்கம் கடற்கரைக் குப்பத்திலிருந்து துணிமூட்டையோடு வந்திருக்கிறார்.

நான் பதில் சொல்வதற்குள் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் எழுகிறது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கடலையே புரட்டிக்கொண்டு வரும் அத்தனை பெரிய காற்றின் சேதி, சோப்புப் பெட்டி அளவுள்ள இதற்குள் வந்துவிட்டது! எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. கை வலித்து நிறுத்தினால் குரலும் அடங்கிவிடுகிறது. அந்தப் பெண் ரேடியோவை வாங்கித் தானே சுற்றுகிறார்.

"புயல் இன்று மாலை சென்னை அருகே கரையைக் கடக்கும்."

"கரை கரைன்றாங்களே," என்கிறார், சுற்றுவதை நிறுத்தாமல். "அது எங்க வூடு நைனா."