சிட்டிபாபு அண்ணனின் பிரேக்

முடிச்சூர் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும் சேர், டேபிள், அண்டா, குண்டான் எல்லாம் சிட்டிபாபு அண்ணனிடம்தான் வாடகைக்கு எடுப்பார்கள். புதிதாக வந்த அபார்ட்மெண்ட்காரர்களுக்கு அவர் பெயர் தெரியாது. 'அந்தப் பச்சை வண்டிக்காரர்' என்றுதான் சொல்வார்கள். எண்பத்தேழில் பதிவான டீசல் பிக்கப் அது. முன்பக்கம் ஜீப், பின்பக்கம் திறந்த தொட்டி. அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது. இரண்டில் எது அதிகம் தேய்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்வது கஷ்டம். இருபத்து மூன்று வருடமாக அந்த வண்டிக்கு மெக்கானிக் நான்தான். பெயர் துரை.

அவர்களுடையது பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போனபோது கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கு நாலு வாடகை வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணனுக்கு உட்காரத் தெரியாது. பிள்ளை குட்டியும் இல்லை. அவரும் அவர் மனைவி காந்தா அக்காவும் அந்த வண்டியும்தான் குடும்பம். அவர் ஓட்டுவார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போய் மண்டபத்தில் கரண்டி முதற்கொண்டு எண்ணி இறக்கி, மறுநாள் எண்ணி ஏற்றுவார். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் வண்டி மூன்று நாள் தண்ணீரில் நின்றது. பிறகு நான் சக்கரத்தைக் கழற்றியபோது பிரேக் டிரம்முக்குள்ளிருந்து சேற்றை அள்ளிப் போட்டோம். அப்போதுகூட அவர் வண்டியை விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

இந்த வருடம் ஆனிக் கடைசி முகூர்த்தத்தில்தான் அது நடந்தது. லோடோடு மண்டபத்துக்குள் திரும்பிய வண்டி நிற்காமல் போய் இரும்பு கேட்டில் மோதியது. கேட் வளைந்தது. அக்காவுக்கு நெற்றியில் நாலு தையல். கேட் ஓரத்தில் இருந்த வாட்ச்மேன் ஒரு நொடி முன்னால்தான் நாற்காலியிலிருந்து எழுந்து போயிருந்தார். நாற்காலி சப்பையாகிவிட்டது.

அக்கா கத்தவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "பிரேக்க சரி பண்ணு, இல்லன்னா வண்டிய வித்துடு. இன்னொருவாட்டி இப்படின்னா உன் பக்கத்துல உக்காரவே மாட்டேன்."

ஆடி பிறந்ததும் அண்ணன் வண்டியை என் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். ஆடியில் அவருக்கும் வேலை இல்லை, எனக்கும் பெரிதாக இல்லை. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். பிரேக் லைனிங் நானே பொங்கலுக்கு மாற்றியது, பாதிகூடத் தேயவில்லை. எங்கேயும் ஆயில் கசிவு இல்லை. டிரம்மில் ஒரு கீறல் இல்லை.

"பிரேக்குல ஒண்ணும் கோளாறு இல்லண்ணா" என்றேன்.

"அப்ப நான் பொய் சொல்றனா? மிதிச்சேன், நிக்கல. அவ்ளோதான். இந்த டிரம்மே வேணாம், டிஸ்க்கு போட்டுக் குடு. இப்ப வர வண்டிக்கெல்லாம் அதானே?"

பிரேக் நன்றாக இருந்தும் வண்டி ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் வெயிலில் ஒருவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. வேலை தேடி வருகிறது, செய்வோம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரிந்தது என்ன வம்பை விலைக்கு வாங்கியிருக்கிறேன் என்று. பழைய வண்டிக்கு டிஸ்க் போடுவது சட்டைக்குப் பித்தான் தைக்கிற வேலை இல்லை. பழைய உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து பின்னால் வந்த மாடல் பிக்கப்பிலிருந்து டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிபர், பூஸ்டர் எல்லாம் எடுத்தேன். பூஸ்டர் என்பது பெடலை லேசாக மிதித்தாலே பிரேக்கை அழுத்திப் பிடிக்க வைக்கிற டப்பா. கொண்டுவந்து வைத்தால் எதுவும் எதிலும் சேரவில்லை. காலிபரை அச்சில் பிடித்து நிறுத்த ஒரு பிளேட் வெட்ட வேண்டும். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் எழில் என்று ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், கை சுத்தமான ஆள். அவரே முதல் பிளேட்டில் ஓட்டையை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டார். இரண்டாவது பிளேட் சக்கரத்தில் உரசியது. மூன்றாவது சேர்ந்தது. அதற்குள் நான் ஆறு தடவை அங்கே போய்வந்து முதுகு விட்டுப்போயிற்று. வீட்டுக்குப் போனால் சோறு சாப்பிடக்கூடப் பொறுமை இல்லை.

அண்ணன் தினமும் வந்து ஒரு பழைய பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். முன்பு போல் அரட்டை இல்லை. கிளம்பும்போது ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போவார். ஒற்றைச் செருப்போடு தெருமுனை வரை நடந்திருப்பார், நான் கூப்பிட்டுக் கொடுப்பேன். இப்படி மூன்று தடவை.

"இன்னாண்ணா, செருப்பையும் வாடகைக்கு விட ஆரம்பிச்சிட்டியா?" என்று கிண்டல் செய்தேன்.

"வயசாயிடுச்சு இல்ல" என்று சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டிக்கொள்வார். மாட்டும்போது குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் மாட்டுவார். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எல்லாம் பூட்டி முடித்ததும் ஏர் எடுக்கிற வேலை பாக்கி. பிரேக் ஆயில் போகிற குழாயில் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். ஷெட்டில் நான் ஒருவன்தான். அண்ணனே ஏறி உட்கார்ந்தார்.

"மிதி" என்பேன். மிதிப்பார். "பிடி" என்பேன். "பிடிச்சிட்டேன்" என்பார். திறந்தால் குமிழியும் ஆயிலுமாக வரும். மூன்று சக்கரம் இப்படியே முடிந்தது. அவர் தலையைக் குனிந்தபடியே மிதித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். சிரத்தையாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிச் சக்கரம் டிரைவர் பக்கம். அப்போது பார்த்து அக்காவிடமிருந்து போன் வந்தது. ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே, "நீ சொல்லு துரை" என்றார்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிட்டேன்பா."

திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. மூடி, மறுபடி சொன்னேன். மறுபடியும் வரவில்லை. குழாய் அடைத்துக்கொண்டதா, காலிபர் பழுதா, இன்னொரு தடவை புதுப்பேட்டைக்கா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து கதவு வழியாக உள்ளே பார்த்தேன்.

அவர் வலது கால் பெடலில் இல்லை. பெடலுக்குப் பக்கத்தில் வெறும் தகரத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. தொடை நரம்பு புடைக்க, முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். செருப்பு பெடலுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது.

"அண்ணா, எங்க மிதிக்கிற?"

"பிரேக்குலதான். ஏன்?"

"குனிஞ்சு பாரு."

பார்த்தார். போனில் அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "அப்பறமா பேசறேன்" என்று வைத்துவிட்டார். காலை எடுக்கவில்லை.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா. சுகரு. மொதல்ல வெரலு மட்டும் மரத்துச்சி. இப்ப பாதம் முச்சூடும் இல்ல. சுடுதண்ணி ஊத்தினாலும் தெரியல." பெடலைக் குனிந்து பார்த்தார். "பாத்துகினு மிதிச்சா கரெக்டா மிதிச்சிடுவேன் துரை."

"அன்னிக்கு மண்டபத்துல?"

"கேட்டை பாத்துகினு இருந்தேன்."

பழைய டிரம் பிரேக் கல் மாதிரி இருக்கும், எழுந்து நிற்கிற பலத்தோடு மிதிக்க வேண்டும். பாதம் மரத்துப் போனாலும் முட்டியிலும் இடுப்பிலும் அந்த இறுக்கம் தெரியும். இரண்டு வருடமாக அதை வைத்துத்தான் அவர் ஓட்டியிருக்கிறார். அன்றைக்குக் கால் தரையில் விழுந்தபோது தரையும் அதே மாதிரி இறுக்கமாக இருந்திருக்கிறது, பிரேக் என்று நம்பிவிட்டார். இப்போது நான் போட்டிருப்பதோ விரல் வைத்தால் இறங்குகிற பெடல். அதன் அழுத்தம் முட்டி வரை வரவே வராது. அவர் காலுக்கு மிச்சமிருந்த கொஞ்ச உணர்வையும் நான்தான் பதினைந்து நாள் பாடுபட்டுப் பிடுங்கியிருக்கிறேன்.

அதைச் சொன்னேன். உடனே, "அப்ப எனக்குப் பழய டிரம்மே மாட்டிக் குடுத்துடு" என்றார்.

"மாட்ட மாட்டேன்."

"என் வண்டி."

"உன் வண்டிதான். பக்கத்துல காந்தாக்கா இல்ல உக்காந்துகினு வருது? அன்னிக்கி அந்த வாட்ச்மேன் எழுந்துக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. "வேற யாராவது மாட்டிக் குடுத்தாலும் நான் உன் வூட்டுக்கு வந்து சொல்லிடுவேன்."

அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "வண்டி இல்லாம நான் இன்னா பண்ணுவேன் துரை?" என்றார். எனக்கே இந்த ஷெட்டை விட்டால் எங்கே போவேன் என்று தெரியாது. அவரை இறக்கிவிட்டு, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து நானே கடைசிச் சக்கரத்தில் ஏர் எடுத்தேன். அவர் தள்ளி நின்று பார்த்தார்.

முடித்து நிமிர்ந்தபோது, "இது இப்ப அவ மிதிச்சா நிக்குமா?" என்று கேட்டார்.

அக்காவுக்கு லைசென்ஸ் உண்டு. அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த வருடம் எடுத்தது. நாலு நாள் ஓட்டினார். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தால்தான் பிரேக் பிடித்தது. நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டார். லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தார்.

"நிக்கும்ணா. குழந்த மிதிச்சாக்கூட நிக்கும்."

"அப்ப ஒண்ணு பண்ணு. அவளுக்காகத்தான் டிஸ்க்கு போடச் சொன்னேன்னு சொல்லிடு. கால் விசயம் இப்ப வேணாம்."

சரி என்றேன். கொஞ்ச நேரத்தில் அக்காவே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அண்ணன் போனைப் பாதியில் வைத்ததில் அவருக்கு ஏதோ பட்டிருக்கிறது. கையில் கூழ்த் தூக்கு. நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"அக்கா, இனிமே நீதான் ஓட்டப்போற. அண்ணன் உனக்காகத்தான் இந்த பிரேக்க மாத்தச் சொல்லிச்சு" என்றேன். பொய் எனக்கு வராது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனை. பிறகு அவருடைய வலது காலை. அது இன்னும் வெறுங்காலாகத்தான் இருந்தது, வெயிலில் காய்ந்த தார் ரோட்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"ஆமா" என்றார். "நான்தானே கேட்டுகினே இருந்தேன், எனக்கு மிதிக்க முடியல, மாத்துய்யா மாத்துய்யான்னு. இப்பனாச்சும் மாத்தினியே." ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. அண்ணனின் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தார்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டதும், ஓட்டிப் பார்க்க மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். அக்கா ஸ்டியரிங்கில், நான் நடுவில், அண்ணன் இடது ஓரத்தில். இருபத்து மூன்று வருடத்தில் அவரை அந்த ஓரத்தில் நான் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா மெதுவாகத்தான் ஓட்டினார். அந்த மண்டபத்தைத் தாண்டும்போது சந்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி திடுமென்று குறுக்கே வந்தது. அக்கா மிதித்தார். வண்டி அந்த இடத்திலேயே நின்றது.

"நின்னுச்சா?" என்று அண்ணன் கேட்டார்.

"நின்னுச்சுய்யா" என்றார் அக்கா.

குனிந்து பார்த்தேன். அண்ணனின் வலது கால் பிரேக்கே இல்லாத அந்தப் பக்கத்துத் தரையை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. செருப்பு மறுபடி கழன்று தள்ளிக் கிடந்தது. அதை எடுத்து, அந்தக் காலைத் தூக்கி மாட்டிவிட்டேன். அவர் லாரி போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாட்டியது அவருக்குத் தெரியவில்லை. அக்கா முதல் கியரைப் போட்டார்.