பின்விளக்குக்குப் போன மின்சாரம்

இரும்பில் பூசும் "ரெட் ஆக்சைடு" வெயிலில் காயும்போது ஒரு நெடி எழும். மண்ணெண்ணெயும் செங்கல் தூளும் கலந்ததுபோல் தொண்டையில் வந்து உட்காரும் அந்த நெடி, நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை முழுவதும் காரைக்காலில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது. கடற்கரைச் சாலையிலிருந்து நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தோம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி இரண்டு மழைக்காலம் தாங்காது. அதனால் எங்கள் தெருவில் ஆண்டுதோறும் கேட்டுக்கும் கம்பிக்கும் கிணற்று ராட்டினத்துக்கும் இந்தச் சிவப்பைப் பூசுவார்கள். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் அது அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கும் பூசப்பட்டது.

அப்பா துபாய்க்குப் போய் இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. அம்மா அறிவியல் ஆசிரியை. அந்த ஆண்டு தொடக்கத்தில் அவரை அம்பகரத்தூரைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். காலைப் பேருந்தில் போய் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து சேர்வதற்குள் பிரார்த்தனை முடிந்துவிடும். வருகைப் பதிவேட்டில் தலைமையாசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார். மூன்று கோடு சேர்ந்தால் ஒரு நாள் விடுப்பு கழியும். ஏப்ரல் முடிவதற்குள் அம்மாவின் விடுப்பெல்லாம் கழிந்து, விளக்கம் கேட்டு ஒரு "மெமோ"வும் வந்துவிட்டது. அப்பாவின் கடிதம் சுருக்கமாக இருந்தது: வேலையை விட்டுவிடு, வண்டியை விற்றுவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா அதற்குப் பதில் எழுதவில்லை. தார்ப்பாயை விலக்கினார். திருமணமான புதிதில் அப்பாவே கடற்கரைச் சாலையில் ஓட்டக் கற்றுக்கொடுத்து எடுத்துத் தந்த உரிமம் அவரிடம் இருந்தது. ஆனால் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்திருந்ததால், "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்று ஊரில் எல்லோரும் சொல்லும் வாகன ஆய்வாளர் பார்த்துச் சரியென்றால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். ஆய்வுக்குக் குறித்த திங்கட்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்கு மறுநாள் பள்ளி திறப்பு.

எஞ்சின் நான்காவது உதையில் கிளம்பியது. விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. மெக்கானிக் பாய் வந்து ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"எலி விருந்து சாப்பிட்டுப் போயிருக்கு டீச்சரம்மா. ஒயரிங் மொத்தமா மாத்தணும். நான் தொடணும்னா இருபது நாளாவும்."

"எனக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு பாய்."

"அப்ப எலிகிட்டதான் கேக்கணும்" என்று சிரித்தவர், மறுநாள் புதிய ஒயர்க்கட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

பழைய ஒயரை வெட்டுவதற்கு முன், எது எங்கிருந்து எங்கே போகிறது என்று நான் நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். மொத்தம் இருபத்து மூன்று வரிகள். எலி நிறத்தையே தின்றுவிட்ட இடங்களில் "நிறம் தெரியவில்லை" என்று எழுதினேன். அம்மாவின் தம்பி செல்வம் மாமா வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். மட்கார்டு, பின்விளக்கைத் தாங்கும் தகடு, இண்டிகேட்டர் காம்புகள் என்று எல்லாவற்றிலும் துரு. அம்மா உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூச்சு சிவப்பு அடித்தார்.

"போல்ட்டு உக்கார்ற எடத்துல எதுக்குக்கா பெயின்ட்டு? வெளியில தெரியவா போவுது?" என்றார் மாமா.

"துரு உங்கிட்ட சொல்லிட்டா வரும்? அங்கயும் அடிடா."

அடித்தார். பின்பக்கத்தில் கடுகளவு இரும்புகூட வெளியே தெரியாதபடி அடித்தார். முன்பக்கத்து ஹேண்டில் குரோம் பூசியது என்பதால் அதை விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை மாலை, இருபத்து மூன்று வரிகளிலும் டிக் போட்டு முடித்த பிறகு, அம்மா சாவியைத் திருப்பினார். ஹெட்லைட் எரிந்தது. ஹாரன் அடித்தது. ஸ்பீடோமீட்டருக்குள் இருந்த சின்ன விளக்கு மஞ்சளாக எரிந்தது. பின்பக்கம் மட்டும் இருண்டு கிடந்தது: ஹெட்லைட்டோடு சேர்ந்து பின்னால் எரிய வேண்டிய "டேஞ்சர் லைட்" இல்லை, இண்டிகேட்டர் இரண்டும் இல்லை. ஹெட்லைட்டை அணைத்துவிட்டுப் பிரேக்கை அழுத்தினார். பின்னால் ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் ஸ்பீடோமீட்டர் விளக்கு மங்கலாக மினுங்கியது.

"பின்னால மிதிச்சா முன்னால எரியுது" என்றார் மாமா. "நம்ம வீட்டு வண்டில்லக்கா? உன்னைக் கேட்டா நான் பதில் சொல்றதில்லையா, அந்த மாதிரி."

வெள்ளியும் சனியும் அப்படியே போயின. பின்பல்புகளைக் கழற்றி பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தோம், பளிச்சென்று எரிந்தன. நோட்டை மூன்று முறை முதலிலிருந்து சரிபார்த்தோம். நான் ஏதோ ஒரு வரியைத் தப்பாக எழுதியிருக்கிறேன், அதனால் அம்மாவின் வேலை போகப்போகிறது என்ற எண்ணம் சனிக்கிழமை மதியம் எனக்கு உறுதியாகிவிட்டது. சோற்றில் கை வைக்க முடியவில்லை.

"நீ எழுதுனது சரியாத்தான்டி இருக்கு" என்றார் அம்மா. "எழுதாம விட்டது ஏதோ இருக்கு. சாப்பிடு."

ஞாயிறு காலை அவர் பள்ளிக்கூடச் சாக்குக்கட்டியை எடுத்துவந்து முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வரைந்தார். எட்டாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்த அதே படம்தான்: ஒரு பேட்டரி, ஒரு சாவி, ஒரு பல்பு. பேட்டரியிலிருந்து சாவிக்கும் சாவியிலிருந்து பல்புக்கும் கோடு போட்டார். பல்பிலிருந்து திரும்பிவர வேண்டிய கோட்டைத் தொடங்கும் இடத்தில் சாக்குக்கட்டி நின்றது.

"பின்லைட்டுக்குப் போற ஒயர் எத்தனைடி?"

நோட்டைப் பார்த்தேன். "டேஞ்சர் லைட்டுக்கு ஒன்னு, பிரேக்குக்கு ஒன்னு."

"திரும்பி வர்றது?"

அப்படி ஒரு வரியே இல்லை.

"அதுக்குத்தான் பாடி இருக்கேக்கா" என்றார் மாமா, பல் துலக்கிக்கொண்டே. "இரும்பு வழியா பேட்டரிக்கு வந்துரும். எல்லா வண்டியிலயும் அப்படித்தான்."

அம்மா எழுந்துபோய்ப் பின்விளக்குத் தகட்டின் முன் குந்தி உட்கார்ந்தார். தகடு, போல்ட், போல்ட் இறங்கும் துளை எல்லாம் ஒரே சிவப்பு.

"பாடிக்குத்தான் நான் ரெண்டு சட்டை போட்டு மூடிவெச்சிருக்கேனே" என்றார்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து மீதி ஒயர் ஒன்றைப் பின்புறம் வரை இழுத்து, பல்பின் பித்தளைக் கூட்டில் தொட்டார். என்னைப் பிரேக்கை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். முற்றத்துச் சுவரில் சிவப்பு வெளிச்சம் அடித்தது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம், அதே பல்புக்குள் டேஞ்சர் லைட்டுக்காக இருந்த இன்னொரு இழைக்குள் நுழைந்து, முன்பக்கத்து ஸ்பீடோமீட்டர் வரை சுற்றி வழி தேடியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இரும்பும் இரும்பும் நேராகத் தொட்டால்தான் மின்சாரம் கடக்கும் என்பதால், ஆறு இடங்களில் பெயின்டைச் சுரண்ட வேண்டியிருந்தது. முதல் போல்ட்டைக் கழற்றியபின் அம்மா துளையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். துருவை இவ்வளவு பகைத்தவர், தன் கையாலேயே அதற்கு வாசல் திறந்துவிட வேண்டியிருந்தது.

"இங்க பிடிக்கும்டா" என்றார்.

"பிடிக்கத்தான் செய்யும்."

"பிடிக்கட்டும். மாசாமாசம் கழட்டித் தேய்ச்சுக்கிறேன்." ஆறு இடத்திலும் இரும்பு வெள்ளையாகும்வரை தேய்த்து, மேலே கிரீஸ் தடவி முடுக்கினார்.

திங்கட்கிழமை ஆய்வு மைதானத்தில் ஆய்வாளர் எங்களைத் தாண்டி யாரையோ தேடினார்.

"வண்டி ஓட்டுறவர் வரலையா?"

"நான்தான் சார் ஓட்டுறேன்."

அவர் அம்மாவின் புடவையைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். ஹெட்லைட், டிம், பிரைட், நான்கு இண்டிகேட்டர், ஹாரன் என்று வரிசையாகப் போடச் சொன்னார். பிரேக் விளக்கு வெயிலில் தெரியவில்லை. குனிந்து உள்ளங்கையால் அதை மூடினார். விரலிடுக்குகள் சிவந்தன.

"புது ஒயரிங்கா இருக்கே. எந்தப் பட்டறைம்மா?"

"வீட்டுல சார்."

"வீட்டுலயா?" என்றவர் மைதானத்தின் நடுவைக் காட்டினார். "எட்டு போட்டுக் காட்டுங்க."

அம்மா கொசுவத்தை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கால் தரையில் படாமல் இரண்டு முறை எட்டு போட்டார்; ஒன்றுதான் அவர் கேட்டிருந்தார். அன்று மாலை அப்பாவுக்குக் கடிதம் போனது. நான்தான் தபால்பெட்டியில் போட்டேன். இரண்டே வரி: வண்டி ஓடுகிறது. நாளை பள்ளிக்கு அதில்தான் போகிறேன்.

இன்று அந்த வண்டி இல்லை. அப்பா ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்து நெடுங்காட்டுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், அதன்பின் நாங்கள் விசாரிக்கவில்லை. ஆய்வு மைதானத்தில் வீடுகள் வந்துவிட்டன. அம்மாவின் பள்ளியைப் பிள்ளைகள் குறைந்ததால் வேறொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. அந்த வாய்க்கால் கரை இப்போது தார்ச்சாலை, மினி பஸ்ஸே போகிறது. அம்மா ஓய்வுபெற்ற நாளில், மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கியபின் டீச்சர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்று மேடையில் ஒருவர் பேசினார். இந்தக் கட்டுரையை அந்த வாக்கியத்தோடு முடித்து, நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"தப்பு" என்றார் அம்மா. "ரெண்டு நாள் லேட்டு. ரெண்டும் பஞ்சர். அதையும் எழுது."