டெஸ் பிரிட்சர்டின் கிளிக் குழாய்கள்

யாரபின் வட்டாரத்தில் டெஸ் பிரிட்சர்ட் என்றால் சுத்தம். அவனுடைய கோதுமை வரிசைகள் நூல் பிடித்தாற்போல் நிற்கும். வயலில் ஒரு சுள்ளி கிடந்தால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்டவன் பறவை காக்கக் கிளம்பினால் என்ன ஆகும்? பறவையும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வெள்ளைவால் கருங்கொண்டைக்கிளி அழிந்துவருகிறது, முட்டையிடப் பழைய மரப்பொந்து கிடைப்பதில்லை என்று பறவைச் சங்கத்தார் விவசாயிகளைக் கூட்டிச் சொன்னார்கள். டெஸ் உடனே சாலையோர மரங்களில் பொந்துக்குப் பதிலாக ஆறு பிளாஸ்டிக் குழாய்களை ஒரே உயரத்தில் கட்டினான். ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுதினான். வீட்டுக்காரர் யாரென்று கிளிக்குத் தெரிய வேண்டாமா! சிலவற்றில் தேனீ குடியேறியது, மற்றவற்றில் ரோஸ் நிற கலாக் கிளிகள். கருங்கிளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வருடத்துப் 'பறவைத் தோழன்' விருது அவனுக்குத்தான் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை அவன் நிலத்திலேயே விழா.

புதன்கிழமை பக்கத்து நிலத்துக்காரன் கிளைவ் வேலியோரம் வண்டியை நிறுத்தினான்.

"என்னப்பா, ஊரே போட்டோ எடுக்க வருது. வாசல்லயே சொத்தைப் பல்லு மாதிரி ஒரு பட்ட மரத்தை வெச்சிருக்கியே?"

டெஸுக்கு அது போதும். பொந்து மரத்தின் அடியில் குச்சியால் சுரண்டினால், உள்ளே பெட்டை இருந்தால் தலையை நீட்டும். கூட்டத்தில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். டெஸ் சுரண்டவில்லை. இவ்வளவு நல்ல குழாய் இருக்கும்போது எந்தக் கிளி பட்ட மரத்தில் குடியிருக்கும்? மண்ணள்ளும் லோடர் வண்டியால் ஒரே தள்ளு. பெட்டை அலறிக்கொண்டு பறந்தது. உடைந்த பொந்திலிருந்து குஞ்சு ஒன்று உருண்டு வந்து, அவனைப் பார்த்து வாயைத் திறந்து கத்தியது.

அதை பீர் பெட்டியில் போட்டுத் துணி துவைக்கும் அறையில் ஒளித்துவைத்தான். அவன் மனைவி லொரெய்ன் போனை எடுத்தாள்.

"பறவை ஆஸ்பத்திரிக்கு இப்பவே சொல்லிடலாம், டெஸ்."

"சொன்னா மரம் எங்கேன்னு கேப்பாங்க. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? சனிக்கிழமை முடியட்டும்."

"அதுவரைக்கும் என்ன திங்கும்?"

"ரொட்டியும் பாலும். எங்க வீட்டுல கிடைச்ச குஞ்சுக்கெல்லாம் அதான் குடுப்போம்."

"அதுல எது பிழைச்சுது?"

டெஸ் ரொட்டி எடுக்கப் போய்விட்டான். லொரெய்ன் போனை வைத்துவிட்டாள். வைத்திருக்கக் கூடாது.

சாயங்காலமானால் தகப்பன் கிளி இரையோடு வந்து, மரம் இருந்த இடத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கூப்பிடும். ஜன்னலுக்குள்ளிருந்து குஞ்சு பதில் சொல்லும். டெஸ் ரேடியோவைச் சத்தமாக வைப்பான். வெள்ளிக்கிழமை அவ்வளவு சத்தமாக வைக்கத் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை கூடாரம், ஸ்கோன் பன், ஜாம், கிரீம். சங்கத் தலைவியம்மா மார்ஜரி விருதுக் கோப்பையை நீட்டும் நேரத்தில் மேலே அந்தக் குரல் கேட்டது.

"பாருங்க, பாருங்க! டெஸ் கட்டின குழாயைத் தேடி வந்திருக்கு!"

மார்ஜரி கூவ, ஒரே கைதட்டல். டெஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளி மறுபடியும் கூப்பிட்டது. உள்ளிருந்து சத்தமே இல்லை. லொரெய்ன் வாசலுக்கு வந்து, அவனைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் கண் சிவந்திருந்தது.

அவன் கோப்பையை மார்ஜரியின் கையிலேயே திருப்பி வைத்தான்.

"அது குழாயைத் தேடலைங்க. பிள்ளையைத் தேடுது. மரத்தைச் சாய்ச்சதும் நான்தான், குஞ்சை ஒளிச்சு வெச்சதும் நான்தான். இப்ப செத்துப்போச்சு."

அவன் குரல் எழும்பவேயில்லை. முன்வரிசையில் ஒருவரும் அசையவில்லை. கிளைவின் கை ஸ்கோனோடு பாதியில் நின்றது. காதில் விழாத பின்வரிசை, நல்ல பேச்சு என்று இன்னொரு முறை கைதட்டியது.